பாய் ஒரு பக்கம், ஃபைல் ஒரு பக்கம்: வளர்ச்சி தாமதமான குழந்தைக்கு வீட்டிலேயே பயிற்சி தொடங்குவது எப்படி?

என் மகள் பதினோரு மாதத்தில் உட்காரவில்லை. "பெண் பிள்ளை, மெதுவாகத்தான் வரும்" என்றார்கள். அதே தெருவில் ஒரு பையனுக்கு இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை. "ஆண் பிள்ளை, மெதுவாகத்தான் வரும்" என்றார்கள். இரண்டையும் சொன்னவர் ஒரே ஆள்தான்.

அந்தப் பேச்சைக் கேட்டு இரண்டு மாதம் போனது. பிறகு, என்ன நோய் என்று தெரியட்டும், அதன்பின் பயிற்சியைத் தொடங்கலாம் என்று இன்னும் ஐந்து மாதத்தை நாங்களே போக்கினோம். அவளுக்கு மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி; மூளைப் பாதிப்பால் உடல் அசைவு தடைபடுவது) என்ற பெயர் எழுத்தில் வந்தது இரண்டு வயது தாண்டிய பிறகு. அதுவரை காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில இரவுகளில் நினைத்துக்கொள்வேன். ஒரு இயன்முறை மருத்துவர்தான் எங்களை உலுக்கினார்: "பெயர் வரும்போது வரட்டும் அம்மா. உட்காரவில்லை என்பது தெரிகிறதல்லவா? அதற்கு இன்றைக்கே வேலை இருக்கிறது."

இந்தக் கட்டுரை தமிழ்நாட்டில், பெருநகரத்துக்கு வெளியே, மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் நிற்கிறவர்களுக்கு. நான் மருத்துவர் அல்ல. பாயில் உட்கார்ந்து பயிற்சி கொடுத்தவள், ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டிய வேலைகள் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

1. முதலில் வயதைச் சரியாகக் கணக்கிடுங்கள்

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பிறந்த தேதியிலிருந்து வயதை எண்ணக் கூடாது. நாற்பது வாரத்துக்கு எத்தனை வாரம் குறைவோ, அதைக் கழிக்க வேண்டும். என் மகள் முப்பத்திரண்டு வாரத்தில் பிறந்தவள். எட்டு வாரம் கழியும். அதனால் பதினோரு மாதத்தில் அவளுடைய திருத்திய வயது ஒன்பது மாதம். இரண்டு வயது வரை இப்படித்தான் பார்க்க வேண்டும்.

கழித்த பிறகும் கீழே உள்ளவை வரவில்லை என்றால், காத்திருப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை. மூன்று மாதத்துக்குள் முகம் பார்த்துச் சிரிக்க வேண்டும். ஐந்து மாதத்துக்குள் தலை நிற்க வேண்டும். ஒன்பது பத்து மாதத்தில் பிடிமானம் இல்லாமல் உட்கார வேண்டும். ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்ப வேண்டும். ஒன்றரை வயதில் தனியாக நடக்க வேண்டும், ஒன்றிரண்டு சொற்களாவது பேச வேண்டும். இரண்டு வயதில் 'அம்மா வா', 'பால் தா' என்று இரண்டு சொல் சேர வேண்டும். பல குழந்தைகள் இவற்றுக்கு முன்பே செய்துவிடும். நான் எழுதியிருப்பது ஏறக்குறைய கடைசி எல்லை. சந்தேகப்பட்டுப் போய், ஒன்றுமில்லை என்று திரும்பினால் நஷ்டம் ஒரு பஸ் டிக்கெட் மட்டும்தான்.

2. அன்றே ஓட வேண்டிய அறிகுறிகள்

மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு வாரம், பத்து நாள் பொறுக்கலாம். இவற்றுக்குப் பொறுக்கக் கூடாது.

வந்த திறமை போய்விட்டால்: பேசிய சொல் நின்றுவிட்டது, உட்கார்ந்தவள் இப்போது சாய்கிறாள் என்றால், உடனே குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

வலிப்பு வந்தால்: கை கால் வெட்டி இழுப்பது மட்டும் வலிப்பு அல்ல. தூங்கி எழுந்தவுடன் குழந்தை திடீரெனத் தலையைக் குனிந்து, இரண்டு கைகளையும் விரித்து, சில நொடி விட்டு மறுபடி அதே மாதிரி வரிசையாகச் செய்தால், அதுவும் ஒரு வகை வலிப்பு. எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில், "பாப்பா சலாம் போடுகிறது" என்று மூன்று வாரம் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிகிச்சை தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் வலிப்பு அது. பார்த்தால் செல்போனில் வீடியோ எடுங்கள். வாயால் சொல்வதைவிட அந்த அரை நிமிட வீடியோ மருத்துவருக்கு உதவும். அன்றைக்கே கிளம்புங்கள்.

3. காதும் கண்ணும் முதலில்

பேச்சு வரவில்லை என்று பேச்சுப் பயிற்சிக்கு அலைந்து, ஒரு வருடம் கழித்துக் காது கேட்கவில்லை என்று தெரிந்தவர்களை எனக்குத் தெரியும். கை தட்டினால் திரும்புகிறாள், தட்டைத் தட்டினால் திடுக்கிடுகிறாள் என்பதெல்லாம் பரிசோதனை ஆகாது. ஒலி காதிலிருந்து மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்று கருவி வைத்துப் பார்க்கும் 'பெரா' பரிசோதனை செய்ய வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இலவசம். எங்களுக்கு வெளியே 1,800 ரூபாய் கேட்டார்கள்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. குழந்தை தூங்கினால்தான் சோதனை நடக்கும். நாங்கள் முதல் முறை போனபோது பஸ்ஸிலேயே நன்றாகத் தூங்கி, மருத்துவமனை வாசலில் விழித்துக்கொண்டாள். சோதனை நடக்கவில்லை, அடுத்த தேதி இருபத்திரண்டு நாள் கழித்து. இரண்டாம் முறை இரவு தாமதமாகத் தூங்க வைத்து, விடியற்காலையில் எழுப்பி, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்து வழியெல்லாம் ஆடு மாடு காட்டிக்கொண்டே போனோம். போய்ச் சேர்ந்து பால் கொடுத்ததும் தூங்கிவிட்டாள். மருந்து கொடுத்துத் தூங்க வைப்பதாக இருந்தால் பால் எப்போது நிறுத்த வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

குறைமாதக் குழந்தை என்றால் விழித்திரைப் பரிசோதனை நடந்ததா என்று பிறந்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் தாளில் பாருங்கள். தைராய்டு ரத்தப் பரிசோதனையும் விட்டுப்போயிருந்தால் கேட்டு எடுத்துவிடுங்கள். அது மருந்தில் சரியாகக்கூடிய காரணம்.

4. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம்

பெயர் நீளம். மருத்துவமனையில் 'டி.இ.ஐ.சி. எங்கே?' என்று கேட்டால் வழி சொல்வார்கள். குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின்கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இது இருக்கும். குழந்தை மருத்துவர், இயன்முறை மருத்துவர், பேச்சு மற்றும் கேட்பியல் நிபுணர், உளவியலாளர், சிறப்பாசிரியர், கண் பரிசோதகர் ஆகியோர் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எல்லா நாற்காலியிலும் ஆள் இருப்பார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். எந்தக் கிழமை யார் வருகிறார்கள் என்று முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறந்தது முதல் 18 வயது வரை சேவை, கட்டணம் இல்லை.

அங்கே போக இரண்டு வழி. ஆர்.பி.எஸ்.கே. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வரும். அவர்கள் பார்த்துச் சீட்டு எழுதி அனுப்புவார்கள். தேதி அங்கன்வாடி ஊழியருக்குத் தெரியும். ஆனால் அந்த வண்டி வரும் என்று ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் குழந்தைகள் நலப் புறநோயாளர் பிரிவில் சீட்டு வாங்கி, அங்கிருந்து எழுதி வாங்கிக்கொண்டு நேரே போகலாம். நாங்கள் அப்படித்தான் போனோம்.

காலை எட்டரைக்குள் அங்கே இருங்கள். முதல் நாள் முழுவதும் போகும். குழந்தைக்கு இரண்டு வேளைச் சாப்பாடு, மாற்றுத்துணி, விரிக்க ஒரு பழைய புடவை எடுத்துச் செல்லுங்கள்.

அங்கே கேட்க மறக்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு: "இதை வீட்டில் எப்படிச் செய்வது, எனக்குச் செய்து காட்டுங்கள், நான் செய்கிறேன், சரியா என்று பாருங்கள்." எங்கள் வீட்டிலிருந்து மையம் 38 கிலோமீட்டர். வாரம் ஒருமுறை போனால் முப்பது நிமிடப் பயிற்சி கிடைக்கும். மீதி நேரம் முழுக்க அவள் நம்மிடம்தான் இருக்கிறாள்.

5. ஃபைல்

ஒரு நல்ல பிளாஸ்டிக் ஃபைல் வாங்குங்கள். அதில் இருக்க வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், பிறந்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் தாள், தாய் சேய் நல அட்டை, குழந்தையின் ஆதார், பெற்றோர் ஆதார், குடும்ப அட்டை, எல்லாப் பரிசோதனை முடிவுகளும் தேதி வரிசையில், பாஸ்போர்ட் அளவுப் படம் பத்து. எல்லாவற்றுக்கும் நகல் ஐந்து. அசலை எந்த அலுவலகத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள். கேட்டால் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள்.

எங்களுக்கு விழுந்த முதல் அடி பிறப்புச் சான்றிதழில். பெயர் வைக்கும் முன்பே வாங்கியதால் அதில் குழந்தையின் பெயர் இல்லை. பெயர் இல்லாத சான்றிதழால் ஆதார் எடுக்க முடியவில்லை, ஆதார் இல்லாததால் அடுத்த எதுவும் நகரவில்லை. பிறந்து ஓராண்டுக்குள் பெயர் பதிந்தால் கட்டணம் கிடையாது. அதன்பின் தாமதக் கட்டணம் உண்டு. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கான ஆதாருக்குக் கைரேகை, கருவிழி எடுப்பதில்லை. பெற்றோரில் ஒருவரின் ஆதாரோடு இணைப்பார்கள்.

இரண்டாவது அடி இனிஷியல். பிறப்புச் சான்றில் பின்னால், ஆதாரில் முன்னால், குடும்ப அட்டையில் காணவே காணோம். மூன்றும் ஒரே மாதிரி இருக்கும்படி இப்போதே திருத்திவிடுங்கள். சிரிப்பாகத்தான் இருக்கும், ஒரு எழுத்துக்காக நாங்கள் நான்கு நாள் வேலையை இழந்தோம்.

6. வீட்டில் பயிற்சி

இப்போது பாய்க்கு வருகிறேன். மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் நிறைய எழுத வேண்டும்.

பயிற்சி என்றவுடன் மாலை ஐந்து மணிக்குக் கதவைச் சாத்தி, குழந்தையை அழ அழ ஒரு மணி நேரம் படுத்தி எடுப்பது என்று நான் நினைத்தேன். பத்து நாள் அப்படிச் செய்தேன். பாயை விரித்தாலே அவள் அழ ஆரம்பித்தாள். மையத்தில் சொன்னபோது அந்த இயன்முறை மருத்துவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ஒரு நேரத்தில் ஐந்து முதல் பத்து நிமிடம், நாளைக்கு ஐந்தாறு முறை, அதுவும் எப்படியும் செய்யப்போகிற வேலையோடு சேர்த்து: இதுதான் கணக்கு. சாப்பிட்டவுடன் வேண்டாம், முக்கால் மணி நேரமாவது போகட்டும். காய்ச்சல் இருந்தால் வேண்டாம். அழுதால் நிறுத்துங்கள்.

குறிக்கோளைச் சிறியதாக வையுங்கள். 'உட்கார வேண்டும்' என்பது ஆசை. 'இரண்டு கையையும் முன்னால் ஊன்றிக்கொண்டு, நான் பத்து எண்ணும்வரை சாயாமல் இருக்க வேண்டும்' என்பது குறிக்கோள். ஒரு மாதத்துக்கு மூன்று போதும்: உடம்புக்கு ஒன்று, கைக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று. மூன்றையும் உங்கள் இயன்முறை மருத்துவர் அல்லது சிறப்பாசிரியரோடு பேசி முடிவு செய்யுங்கள். என் மகளுக்குச் சரியான ஒரு நிலை, தசை இறுக்கமாக உள்ள இன்னொரு குழந்தைக்குத் தவறாக இருக்கலாம். கீழே வருவது எங்கள் வீட்டில் நடந்தது.

காலை எழுந்ததும் குப்புறப் படுக்க வைப்போம். நெஞ்சுக்குக் கீழே சுருட்டிய துண்டு. எதிரே நானும் குப்புறப் படுப்பேன்; என் முகம் தெரிந்தால்தான் தலையைத் தூக்குவாள். விலை உயர்ந்த பொம்மை எதற்கும் அவள் தூக்கவில்லை, எவர்சில்வர் டம்ளருக்குத் தூக்கினாள்.

குளிக்கும்போது உடம்பின் உறுப்புகளின் பெயர். 'கை எங்கே? இதோ கை.' தண்ணீர் ஊற்றும் முன் சொம்பைக் காட்டிவிட்டு நிறுத்துவேன். மனதுக்குள் பத்து எண்ணுவேன். கண்ணோ கையோ சத்தமோ, ஏதாவது ஒன்றால் 'ஊற்று' என்று அவள் கேட்க வேண்டும். இந்தப் பத்து எண்ணுவதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. நாம் குழந்தை கேட்கும் முன்பே கொடுத்துப் பழகியவர்கள். கேட்காமலே எல்லாம் கிடைத்தால் எதற்குக் கேட்க வேண்டும்?

உடை மாற்றும்போது கடைசி வேலையை அவளுக்கு விட்டுவிடுவோம். கால்சட்டையை நான் கணுக்கால் வரை இறக்கிவிடுவேன், கடைசி இழுப்பு அவளுடையது. அது வந்த பிறகு முழங்காலிலிருந்து. முடித்த சந்தோஷம் அவளுக்கு ஒவ்வொரு முறையும் கிடைக்கும்.

உட்கார வைப்பதற்குச் சுவர் மூலை நல்லது; இரண்டு பக்கமும் தாங்கும். துணி போடும் பிளாஸ்டிக் கூடையில் துண்டு அடைத்து உட்கார வைத்தோம். ஆனால் உண்மையில் அவளை உட்கார வைத்தது என் மாமியார்தான். அவர் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவுவார். அவளைத் தன் இரண்டு காலுக்கும் நடுவில், முதுகு தன் வயிற்றில் படும்படி உட்கார வைத்துக்கொள்வார். அவள் முன்னால் கையை ஊன்றியிருப்பாள். அத்தை ஒரு ஈர்க்கை அவள் மூக்குக்கு நேரே ஆட்டுவார். முதலில் பார்த்தாள். இரண்டு வாரம் கழித்து ஒரு கையைத் தரையிலிருந்து எடுத்தாள், சாய்ந்தாள், அத்தையின் தொடை தாங்கியது. மூன்றாவது வாரம் ஈர்க்கைப் பிடித்து இழுத்து இலையைப் பிய்த்தாள். அத்தை வயிற்றை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். முதுகுக்கும் வயிற்றுக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி. நான் எண்ணினேன், பதினேழு வரை. அன்றைய கீரைக் குழம்பில் பாதி காம்பு.

அதை மையத்தில் போய்ச் சொன்னபோது, உடல் சமநிலையும் விரல் நுனிப் பிடியும் ஒரே வேலையில் வந்துவிட்டன, அப்படியே தொடருங்கள் என்றார்கள். அத்தைக்கு அன்றிலிருந்து ஒரு கர்வம்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வையுங்கள். தேதி, என்ன செய்தோம், அவள் என்ன செய்தாள். ஒரு வரி போதும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, அதே பாயில், அதே இடத்திலிருந்து ஒரு நிமிட வீடியோ. தினமும் பார்க்கிற நமக்கு ஒன்றுமே மாறாதது போலிருக்கும். மூன்று மாத வீடியோக்களை அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

செய்யக் கூடாதவை சில. சக்கரம் வைத்த, குழந்தை உள்ளே உட்காரும் வாக்கர் வேண்டவே வேண்டாம். நுனிக்காலில் உந்தப் பழக்கும், கவிழும். பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும் பழைய மர நடைவண்டி வேறு. அதையும் எழுந்து நிற்கத் தொடங்கிய பிறகு கேட்டுக்கொண்டு கொடுங்கள். முழங்காலை மடக்கிப் பாதங்கள் இரண்டையும் வெளிப்பக்கம் விரித்து உட்காரும் பழக்கம் வந்தால் மெதுவாக மாற்றிவிடுங்கள். இறுகிய கை காலை வேகமாக இழுத்து நீவிவிடக் கூடாது. புளியங்கொட்டை, பாசிமணி போன்றவற்றை விளையாடக் கொடுத்தால் கண் எடுக்காதீர்கள். வாய்க்குள் போடும் குழந்தைக்கு அவை வேண்டாம். பேச்சு வரும் என்று வசம்பை உரைத்து நாக்கில் தேய்ப்பது, நாக்குக்கு அடியில் வெட்டிவிடுவது ஆகியவற்றைச் சொல்ல ஆள் வரும். சிரித்துக்கொண்டே காபி கொடுத்து அனுப்புங்கள். செல்போனில் பாட்டு ஓடினால் குழந்தை சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருப்பதுதான் பிரச்சினை.

7. சாப்பாடும் பயிற்சிதான்

படுக்க வைத்து ஊட்டாதீர்கள். எங்கள் ஊரில் காலில் கிடத்திச் சங்கில் ஊற்றும் வழக்கம் இன்னும் இருக்கிறது. விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்கு அது நுரையீரலுக்குள் போகும். நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாய் லேசாகக் கீழே இருக்கும்படி, கரண்டியை நேர் எதிரிலிருந்து கொண்டுபோக வேண்டும். மேலேயிருந்து கொண்டுவந்தால் தலை பின்னுக்குப் போகும். தண்ணீர் போன்ற கஞ்சியைவிடக் கரண்டியிலிருந்து வழியாத கெட்டிக் கஞ்சி பல குழந்தைகளுக்கு எளிது. அங்கன்வாடியில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை கொடுக்கும் சத்துமாவை நாங்கள் அப்படித்தான் காய்ச்சினோம். ஒவ்வொரு வேளையும் இருமுகிறாள், புரை ஏறுகிறது, சளி அடிக்கடி நெஞ்சில் கட்டுகிறது என்றால் பேச்சு நிபுணரிடம் விழுங்கும் திறனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கரண்டிப் பிடியில் பழைய துணியைச் சுற்றி நூலால் கட்டினால் தடிமனாகும், பிடிக்க வசதி. செலவில்லை.

8. வீட்டுக்கு வருகிறவர்கள்

அரசு வழியில் மூன்று கதவுகளைத் தட்டுங்கள். முதலாவது, ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தின் வட்டார வள மையம். பள்ளி என்ற சொல்லைப் பார்த்துவிட்டு ஆறு வயதுக்கு மேல்தான் என்று நினைக்காதீர்கள்; 18 வயது வரையுள்ள எல்லா மாற்றுத்திறன் குழந்தைகளுக்கும் அவர்கள் மருத்துவ மதிப்பீட்டு முகாம் நடத்துகிறார்கள். அங்கே சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் உண்டு. வீட்டுவழிப் பயிற்சிப் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது, 'மக்களைத் தேடி மருத்துவம்'. பெரும்பாலும் முதியவர்களுக்கு என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவர் அதில் இருக்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து வையுங்கள். மூன்றாவது, தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின் 'விழுதுகள்' சேவை மையங்கள். உங்கள் பக்கத்தில் திறந்திருக்கிறதா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

தென்காசிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆய்க்குடி அமர் சேவா சங்கம் இருக்கிறது. பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் வீடு தேடி வருவதையே அவர்கள் ஒரு முறையாகச் செய்கிறார்கள். சென்னையில் கோட்டூர்புரம் வித்யாசாகர், முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான மத்திய அரசு தேசிய நிறுவனம். தூரத்திலிருந்து வருகிறவர்களும் முட்டுக்காட்டுக்கு ஒருமுறை போய் முழு மதிப்பீடு செய்துகொண்டு, வீட்டுத் திட்டம் எழுதி வாங்கி வரலாம்.

தனியாரை வைப்பதென்றால் பதிவைப் பாருங்கள். சிறப்பாசிரியர், பேச்சு நிபுணர், மருத்துவ உளவியலாளர் ஆகியோருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண் இருக்க வேண்டும். இயன்முறை மருத்துவர் அந்தக் கவுன்சிலின் கீழ் வருவதில்லை; அவரிடம் பட்டத்தைக் கேளுங்கள். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வர ஒரு முறைக்கு 600 ரூபாய், பெட்ரோல் தனி. வாரம் மூன்று முறை என்று தொடங்கி, கட்டுப்படியாகாமல், பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்று குறைத்தோம். அந்த ஒரு முறையும் அவர் எனக்குக் கற்றுக்கொடுக்க, நான் செய்ய, அவர் திருத்த என்று மாற்றியபின் பலன் கூடியதே தவிரக் குறையவில்லை.

பெற்றோர் வெளியே இருக்க வேண்டும் என்று கதவைச் சாத்துகிற இடத்துக்கு இரண்டாம் முறை போகாதீர்கள். மூன்று மாதக் கட்டணத்தை முன்பணமாகக் கேட்டாலும் யோசியுங்கள். ஒரு மையத்தில் நாங்கள் 18,000 ரூபாய் கட்டினோம், ஐந்தாவது வாரம் பயிற்சியாளர் வேலையை விட்டுப் போனார், பணம் திரும்பவில்லை. ரசீதுகூட வெள்ளைத் தாளில். ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடந்துவிடும் என்று லட்சங்களில் விலை சொல்பவர்களிடம் நகையை அடகு வைத்துப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு முன் ஒரு அரசு மருத்துவக் கல்லூரி நரம்பியல் மருத்துவரிடம், "இது பலிக்குமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

9. சான்று, அட்டை, பணம்

2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கணினி மையத்தில் எங்களிடம் 100 ரூபாய் வாங்கினார்கள், மற்றபடி சான்றுக்கும் அட்டைக்கும் கட்டணம் கிடையாது. விண்ணப்ப எண் வந்த தாளை அச்சிட்டு ஃபைலில் வையுங்கள். பிறகு மருத்துவக் குழு பார்க்கும் கிழமையில் மருத்துவமனைக்குப் போக வேண்டும். எங்களுக்கு விண்ணப்பம் முதல் அட்டை தபாலில் வரும்வரை நான்கரை மாதம்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அறிவுசார் குறைபாடு என்று எழுதாமல், ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம் என்று தற்காலிகச் சான்றுதான் கொடுப்பார்கள். ஐந்து வயதில் மறுபடி மதிப்பீடு. சான்றில் சதவீதம் இருக்கிறதா, எந்தத் தேதி வரை செல்லும் என்று அங்கேயே படித்துப் பாருங்கள். பெரும்பாலான சலுகைகள் 40 சதவீதத்திலிருந்துதான் தொடங்குகின்றன. சான்று வாங்கினால் குழந்தைக்கு முத்திரை குத்தியதாகிவிடும் என்று வீட்டில் பேச்சு வரும். எங்கள் வீட்டிலும் வந்தது. அந்தப் பேச்சு நடந்த ஏழு மாதமும் எங்களுக்குப் பஸ் சலுகை இல்லை.

மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியில் மாதம் 2,000 ரூபாயாக உயர்ந்தது. அறிவுசார் குறைபாட்டுக்கு 40 சதவீதமும், கடும் உடல் பாதிப்புக்கு 75 சதவீதமும் வேண்டும். என் மகளுக்குச் சதவீதம் போதவில்லை. உங்களுக்குத் தகுதி இருந்தால் உடனே விண்ணப்பியுங்கள். காத்திருப்போர் வரிசை உண்டு, சேர்ந்த தேதிதான் கணக்கு. மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்கான சிறப்பு நாற்காலியை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவசமாகக் கேட்கலாம். கடையில் வாங்கும் முன் கேளுங்கள். நாங்கள் வாங்கிய பிறகுதான் தெரிந்தது.

தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. மற்ற காப்பீடுகள் தொடாத புறநோயாளர் பயிற்சிக் கட்டணத்தையும் ஒரு வரம்பு வரை கொடுக்கிறது. நாங்கள் சேர்ந்தபோது 500 ரூபாய் கட்டினோம். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். முதலில் நாம் செலவழித்துப் பிறகுதான் கேட்டுப் பெற முடியும்; ஆகவே பதிவு எண்ணோடு அச்சிட்ட ரசீது கொடுக்கும் பயிற்சியாளர்தான் வேண்டும். வெள்ளைத் தாள் ரசீது இங்கே செல்லாது.

வருமான வரி கட்டுபவராக இருந்தால், பழைய வரி முறையில் 40 சதவீதத்திலிருந்து 75,000 ரூபாயும், 80 சதவீதத்திலிருந்து 1,25,000 ரூபாயும் கழிவு உண்டு. செலவுக் கணக்கு காட்ட வேண்டியதில்லை.

10. அங்கன்வாடியில் விடும்போது

மூன்று வயதானதும் அங்கன்வாடியில் சேருங்கள், நடை வரவில்லை என்றாலும். 'நடந்த பிறகு கொண்டு வாருங்கள்' என்று சொன்னால், ஊழியரிடம் வாதாடாமல் வட்டார வள மையச் சிறப்புப் பயிற்றுநரை ஒருமுறை உடன் அழைத்துப் போங்கள். எங்களுக்கு அது பத்து நிமிடத்தில் முடிந்தது.

நோட்டின் முதல் பக்கத்தைக் கிழித்து எழுதிக் கொடுங்கள். எப்படித் தூக்க வேண்டும், எந்தப் பக்கம் சாய்வாள், எவ்வளவு கெட்டியாக ஊட்ட வேண்டும், வலிப்பு வந்தால் யாரை அழைக்க வேண்டும், தண்ணீர் வேண்டும் என்றால் எந்தச் சத்தம் போடுவாள். துணி சுற்றிய கரண்டியைப் பையில் போட மறந்துவிடாதீர்கள். நாங்கள் முதல் நாள் மறந்துபோனோம். மதியம் போய்ப் பார்த்தால், பக்கத்தில் இருந்த பையன் தன் கைக்குட்டையை அவள் கரண்டியில் சுற்றிக் கொடுத்திருந்தான்.